போதைப்பொருள் ரத்த அறிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வாகனம் ஓட்டியவர்களின் ரத்தத்தில் போதைப்பொருள் தேடும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாங்கள் அனுப்பும் அறிக்கையைக் கையில் வாங்கியதும் வழக்கறிஞரானாலும் ஓட்டுநரின் வீட்டாரானாலும் நேரே கடைசிப் பக்கத்து எண்ணுக்குத்தான் போகிறார்கள். நான் கடிகாரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

ஒரு தாளில் மூன்று நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வண்டி கடைசியாக ஓடிய நேரம், ரத்தம் எடுத்த நேரம், இடையில் ஆம்புலன்ஸிலோ மருத்துவமனையிலோ ஊசி போட்டிருந்தால் அந்த நேரம். மூன்றாவதைப் பலரும் கேட்பதே இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு வலிக்காக மார்ஃபின், ஃபென்டனில், கெட்டமின் கொடுப்பார்கள்; மயக்க நிலையில் வைக்க மிடாசோலம் கொடுப்பார்கள். அப்புறம் எடுத்த ரத்தத்தில் அவை இருக்கத்தானே செய்யும்? சிகிச்சைக் குறிப்பை வாங்கிப் பார்க்காமல் அறிக்கையைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

அடுத்து ரத்தக் குழாய். வழக்கமாக சாம்பல் நிற மூடி போட்டது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஆக்சலேட் ரத்தத்தை உறையவிடாது. சோடியம் ஃபுளோரைடு நொதிகளையும் நுண்ணுயிர்களையும் அடக்கி வைக்கும். கொக்கெய்ன் வழக்கில் இது முக்கியம். ரத்தத்திலுள்ள நொதிகள் குழாய்க்குள்ளும் கொக்கெய்னைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஃபுளோரைடும் குளிர்பெட்டியும் அதன் வேகத்தைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. சீல், லேபிள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது சோதனை. முதலில் நடப்பது ஸ்கிரீனிங் என்ற முதற்கட்ட வடிகட்டல், பெரும்பாலும் இம்யூனோஅஸ்ஸே, அதாவது எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) வைத்துப் பிடிக்கும் சோதனை. அது வடிவம் ஒத்த மூலக்கூறுகளை ஒன்றாகப் பிடித்துவிடும். மூக்கடைப்பு மாத்திரையிலுள்ள சூடோஎஃபெட்ரின்கூட ஆம்ஃபெட்டமின் என்று மாட்டலாம். அதனால் அதே ரத்தத்திலிருந்து புதிதாக எடுத்த இன்னொரு பகுதியில், மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் உறுதிப்படுத்த வேண்டும். அந்த இரண்டாவது சோதனை அறிக்கையில் இல்லையென்றால் கையிலிருப்பது வெறும் சந்தேகம். மறுபக்கமும் உண்டு: நாங்கள் எங்கள் பட்டியலிலுள்ளதை மட்டுமே தேடுகிறோம். புதுப்புதுச் செயற்கைப் போதைப்பொருட்கள் அதில் சிக்காமல் போகலாம்.

கஞ்சா வழக்கில்தான் எண்கள் அதிகம் ஏமாற்றும். அறிக்கையில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்), கார்பாக்ஸி டி.எச்.சி. என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது, உடல் சிதைத்துப்போட்ட மிச்சம். அதற்குப் போதை கிடையாது. ஆனால் தினமும் புகைப்பவர் ரத்தத்தில் அது வாரக்கணக்கில் தங்கும். அதை மட்டும் வைத்து 'போதையில் ஓட்டினார்' என்று சொல்ல முடியாது. டி.எச்.சி.யோ, புகைத்த சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று மணி நேரத்தில் மளமளவென்று இறங்கிவிடும். தாமதமாக எடுத்த ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் என்றால், ஓட்டும்போது பல மடங்கு இருந்திருக்கலாம். அதே 3, கொழுப்பில் சேர்ந்து பல நாட்களாகக் கசிந்துகொண்டிருக்கும் பழைய கையிருப்பாகவும் இருக்கலாம். மதுவில் செய்வதுபோல், ஓட்டும்போது எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மது கிட்டத்தட்ட சீரான வேகத்தில் குறையும், டி.எச்.சி. அப்படிக் குறையாது. போட்டுத் தர மாட்டேன்.

சட்டமும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் 2015 முதல் டி.எச்.சி.க்கு வரம்பு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம்; அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 5. முழு ரத்தத்தில் அளந்தார்களா, பிளாஸ்மாவிலா (ரத்த அணுக்களை நீக்கிய திரவம்) என்பதையும் பாருங்கள். பிளாஸ்மாவில் டி.எச்.சி. ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும்.

மற்றவை சுருக்கமாக. மார்ஃபின் மட்டும் இருந்தால் அது ஹெராயினிலிருந்து வந்திருக்கலாம், கோடீன் மாத்திரையிலிருந்தும் வந்திருக்கலாம். ஹெராயின் உடலில் சிதையும்போது வரும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் இருந்தால் ஹெராயின்தான். ஆனால் அது ரத்தத்திலிருந்து சீக்கிரமே மறைந்துவிடும், இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பதற்றத்தைத் தணிக்கத் தரும் டயாசிபாம் நாட்கணக்கில் தங்கும். பழகிய நோயாளியை அசைக்காத அளவு, முதல்முறை விழுங்கியவரை ஸ்டீயரிங்கிலேயே தூங்க வைக்கும். இங்கே மருந்துச் சீட்டையும், சாலையோரத்தில் அதிகாரி எழுதிய குறிப்பையும், வீடியோ இருந்தால் அதையும் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, ஆய்வகத்துக்கு எழுதி முழுக் கோப்பையும் கேளுங்கள்: குரோமட்டோகிராம்கள் (கருவி வரைந்து தந்த வரைபடங்கள்), அளவுதிருத்தப் பதிவு, தரக்கட்டுப்பாட்டு முடிவுகள், அளவீட்டுப் பிழை எல்லை. வரம்பு 2, முடிவு 2.1, பிழை எல்லை 0.4 என்றால், வரம்பைத் தாண்டியது என்று எழுத எனக்குக் கை வராது.