வீட்டில் ஆக்சிஜன் வைக்கப் போகிறீர்களா? முதலில் லிட்டர் கணக்கு

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘வீட்டில் ஆக்சிஜன் தரவும்’ என்று மட்டும் இருந்தால் கடைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, தூங்கும்போது எத்தனை என்று டாக்டரிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். சிஓபிடி என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 88 முதல் 92 வரை போதும். நுரையீரலில் தழும்பு விழுந்தவர்களுக்கு நடந்தவுடன் எண் சட்டென்று இறங்கும். அவர்களுக்கு நடைக்கான லிட்டர்தான் முக்கியம்.

நாள் முழுக்க வேண்டுமென்றால் கான்சன்ட்ரேட்டர்தான் சரி. அது அறைக் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்து, சுமார் 90 முதல் 95 சதவீத ஆக்சிஜன் தரும். 4 லிட்டருக்கு மேல் தேவைப்பட்டால் 5 லிட்டர் மிஷினை முழு அளவில் ஓட்டாமல் 10 லிட்டர் மிஷினாக எடுங்கள். புதிதோ வாடகையோ, இறக்கி வைக்கும் ஆளிடம் உங்கள் லிட்டர் அளவில் ஓட்டி, அனலைசரில் சதவீதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 90க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பெரும்பாலான மிஷின்கள் 40 டிகிரி வரைக்கும்தான் ஒழுங்காக ஓடும். வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அதையும் தாண்டும். அதனால் கீழ்த்தளத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். அலமாரிக்குள்ளும் திரைக்குப் பின்னாலும் வேண்டாம். பின்பக்க ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரம் உள்ளே போனால் நைட்ரஜனைப் பிரிக்கும் மணிகள் கெட்டுவிடும். அதைச் சரிசெய்ய நிறையச் செலவாகும்.

350 வாட் மிஷின் தினம் 16 மணி நேரம் ஓடினால் 5.6 யூனிட். இரண்டு மாத கரண்ட் பில்லில் சுமார் 336 யூனிட் கூடும். 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி புதிதாக இருந்தால், வேறு எதையும் ஓட்டாமல், ஏறத்தாழ 3 மணி நேரம் தாங்கும்.

அதற்கு மேல் கரண்ட் போனால் சிலிண்டர்தான் கை கொடுக்கும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப் சிலிண்டர் வீட்டுக்குப் போதும். நிரம்பியிருந்தால் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் 150 பாரில் நிற்கும். முள் காட்டும் எண்ணில் 20ஐக் கழித்து 10ஆல் பெருக்கினால் கையில் உள்ள லிட்டர் வரும். அதை நிமிட லிட்டரால் வகுத்தால் நிமிடக் கணக்கு. முள் 100இல் இருந்து 2 லிட்டர் ஓடினால் 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. அணைக்கட்டு, குடியாத்தம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் நிரப்பும் இடத்துக்குப் போய்வர எத்தனை மணி நேரமாகுமோ, அதைப் போல் இரு மடங்கு மீதி இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். வால்வில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். எண்ணெய், கிரீஸ் தொட்ட கையால் அதைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும்.

வெளியே போக, தோளில் மாட்டும் சின்ன கான்சன்ட்ரேட்டர் உண்டு. பல மாடல்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்சிஜன் விடும். அதில் ‘2’ என்று வைத்தால் 2 லிட்டர் என்று அர்த்தமில்லை. வாயால் மூச்சு விடுபவர்களுக்கு, குறிப்பாகத் தூக்கத்தில், அது எட்டாமல் போகும். வாங்கும் முன் அதை மாட்டிக்கொண்டு 6 நிமிடம் நடக்கச் சொல்லி எண்ணைப் பாருங்கள். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே போவதானால் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். ஸ்பிரே மாதிரி விற்கும் 10 லிட்டர் கேனுக்குக் காசு கொடுக்காதீர்கள். 2 லிட்டர் கணக்கில் அது 5 நிமிடம்தான்.

‘மிஷின் ஓடுது, ஆனா மூச்சு வாங்குது’ என்றால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் மூக்குக் குழாயின் இரண்டு முனைகளையும் முக்குங்கள். குமிழி வராவிட்டால், ஆக்சிஜனை ஈரமாக்க மிஷினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பாருங்கள். மரை ஏறாமல் கோணலாக மூடியிருந்தால் காற்று முழுக்க அங்கேயே போய்விடும். அதுவும் சரியாக இருந்தால், கட்டில் காலுக்கடியில் டியூப் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோட்டுக்கு மேல் போகாமல் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் டியூப் வழியாக மூக்குக்குத் தண்ணீர் வரும்.

காமாட்சி விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது 6 அடி தள்ளியே இருக்கட்டும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பொறியைத் தீயாக்கிவிடும். அந்த அறையில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாமல், தண்ணீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள்.

மூச்சு வாங்குகிறதே என்று பயந்து லிட்டர் அளவை நீங்களாக ஏற்றாதீர்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு அளவு மீறினால் கரியமில வாயு உடம்பில் தேங்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், கை நடுக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தெரிந்தாலோ, எழுதித் தந்த அளவில் ஓடியும் எண் 88ஐ எட்டாவிட்டாலோ, உதடு நீலமானாலோ 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஆக்சிஜனை நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள்.