கை முகத்துக்கு எட்டாத ரோபோ: முதல் அனிமேஷன் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கடைசி ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் தங்கள் ரோபோவைக் காட்ட வந்தார்கள். லேப்டாப் திரையில் அது மெதுவாகச் சுழன்றது. தோளில் துரு, முழங்காலில் எண்ணெய்க் கசிவு, நெஞ்சில் பாதி தேய்ந்த வரிசை எண். மூன்று மாத வேலை என்றார்கள். நம்பினேன், அவ்வளவு அழகு.

"இது குனியுமாப்பா?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னும் ரிக் பண்ணல அண்ணா" என்றான் ஒருவன். ரிக் என்றால் மாடலை அசைப்பதற்காக உள்ளே மாட்டும் எலும்புக்கூடு.

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். ஃபைலைச் சேமி, பேக்கப் எடு, பெயரை ஒழுங்காக வை என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை ஹார்ட் டிஸ்க் போனால் அதெல்லாம் தானாக வந்துவிடும்.

அசைத்துப் பார்க்காமல் அழகுபடுத்துவது

நாங்கள் எடுத்தது ஆறு நிமிடக் குறும்படம். தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் ஒரு பழைய ரோபோதான் நாயகன். கதையின் உச்சமே ஒரு சின்னச் செயல்தான்: சேறு தெறித்த கண் லென்ஸை அது தன் விரலால் துடைத்துக்கொள்ளும். காட்சிகளை வரிசையாக வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டில் பிரமாதமாக இருந்தது. காகிதத்தில் கை எவ்வளவு வேண்டுமானாலும் நீளும் அல்லவா?

மாடல் செய்தபோது இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்கவைத்தே செய்தோம். கம்பீரமாக இருக்கட்டும் என்று பெரிய தோள் கவசம் மாட்டினோம். ஷாட்டுகளை வரிசையாக முடித்துக்கொண்டே போனோம். 41-வது ஷாட் அந்தத் துடைக்கும் காட்சி. கையைத் தூக்கினால் கவசம் தலைக்குள் புகுந்தது. கவசத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் விரல் தாடையோடு நின்றது. கண்ணுக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி.

மனித உருவமாக இருந்தால் எப்படியாவது ஒப்பேற்றலாம். தோல் கொஞ்சம் இழுபடும், சட்டை மடிப்பு மறைத்துவிடும். இரும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு தகடு இன்னொரு தகட்டுக்குள் நுழைந்தால் நுழைந்த இடம் பளிச்சென்று தெரியும். இழுத்து நீட்டினால் பார்ப்பவருக்கு அது ரப்பர்தான். பிஸ்டன் இன்னும் மோசம். கை அளவுக்கு மீறி விரிந்தால் தண்டு உருளையைவிட்டுக் கழன்று அந்தரத்தில் நிற்கும்.

சரி, முன்கையைக் கொஞ்சம் நீளமாக்கிவிடுவோம் என்றோம். முதல் தவறையாவது மன்னிக்கலாம், இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முன்கை நீண்டதும் மணிக்கட்டின் பிவட், அதாவது அது சுழலும் புள்ளி, இடம் மாறியது. முடித்து வைத்திருந்த 40 ஷாட்டிலும் இருந்த கீ (இந்த நொடியில் மூட்டு இந்த நிலையில் இருக்கட்டும் என்று நாம் வைக்கும் குறி) எல்லாம் பழைய கைக்கு வைத்தவை. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டாகத் திருப்பி அனிமேட் செய்த எஃப்கே ஷாட்டுகளில் விரல்கள் மேசைக்குள் புதைந்தன, ஸ்பேனரைத் தாண்டிக் காற்றைப் பிடித்தன. கையை ஓரிடத்தில் பொருத்திவிட்டு மற்ற மூட்டுகளைக் கணினியிடம் விட்ட ஐகே ஷாட்டுகளில் கை நகரவில்லை. முழங்கைதான் அதிகமாக மடங்கி விலாவைக் குத்தியது. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த ஏழு வாரம் ஆனது. நடுவில் ஒரு நண்பன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு என்ன ஆனது? நீண்ட கை கண்ணை எட்டியது. தோள் கவசம் அப்போதும் தலையில் இடித்தது. வேறு வழியில்லாமல் கேமராவை முதுகுப் பக்கம் கொண்டுபோய், முழங்கை அசைவது மட்டும் தெரிகிற மாதிரி அந்த ஷாட்டை முடித்தோம். "முகத்தைக் காட்டாமல் விட்டது எவ்வளவு நுட்பம்" என்று யாராவது பாராட்டினால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே முதல் ஆணியை மாடல் செய்யும் முன் ஸ்டோரிபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரோபோ எதையெல்லாம் தொடுகிறது, எங்கே உட்காருகிறது, எந்தக் கதவுக்குள் நுழைகிறது என்று எழுதுங்கள். வெறும் பெட்டியும் உருளையுமாக ஒரு சாம்பல் நிற ரோபோ செய்து, எழுதிய நிலைகள் அத்தனையிலும் அதை நிறுத்திப் பாருங்கள். அதுகூட வேண்டாம், அட்டையில் வெட்டி மூட்டுக்கு மூட்டு குண்டூசி குத்தினாலே பாதி தெரிந்துவிடும். ஒரு சாயங்கால வேலை. பிக்ஸாரின் 'வால்-ஈ' (2008) படத்து ரோபோவைக் கவனித்துப் பாருங்கள். குப்பையை வயிற்றுக்குள் அள்ளி அமுக்குகிற பெட்டிக்கு முழங்கையே கிடையாது. அதற்குப் பதிலாக உடம்பின் பக்கவாட்டில் ஒரு தடம். கை அதில் சறுக்கி முன்னும் பின்னும் போகும். எட்டுமா என்ற கேள்விக்கு அழகான பதில் அது.

புருவம் ஒட்டுவது

உணர்ச்சி தெரியவேண்டும் என்று தகட்டில் புருவமும் உதடும் செய்கிறார்கள். வேண்டாம். 'வால்-ஈ' இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குப் போன இடத்தில் பக்கத்திலிருந்தவரின் பைனாகுலரை வாங்கித் தன் பக்கம் திருப்பிப் பிடித்தார். நடுவிலுள்ள கீலை மடக்கினால் அது சோகமாகப் பார்க்கிறது, நிமிர்த்தினால் சந்தோஷமாகப் பார்க்கிறது. அந்த விளையாட்டில் மைதானத்தில் நடந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அந்தப் பைனாகுலர்தான் வால்-ஈயின் கண்ணாகியது. 'பிக் ஹீரோ 6' (2014) படத்தின் பேமேக்ஸுக்கு இரண்டு புள்ளி, அவற்றை இணைத்து ஒரு கோடு, அவ்வளவுதான் முகம். ஜப்பானியக் கோயில் மணியைப் பார்த்துப் பிறந்த யோசனை. வாய் கிடையாது. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், மீதியைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்வார்.

குரோம் பளபளப்பு

பெயின்ட் அடியுங்கள். ரெண்டர், அதாவது கணினி ஒவ்வொரு படத்தையும் கணக்கிட்டு உருவாக்கும் வேலை, சீக்கிரம் முடியும்.

வழுக்கிக்கொண்டு நகர்வது

இரண்டு கீ வைத்தால் இடைப்பட்டதை மென்பொருள் வெண்ணெய் மாதிரி வழவழவென்று நிரப்பிவிடும். எடை தொலைந்துபோவது அங்கேதான். இரும்புக் கை சட்டென்று நிற்கட்டும், நின்ற பிறகு இரண்டு ஃபிரேம் (வினாடிக்கு ஓடும் 24 படங்களில் ஒன்றுதான் ஃபிரேம்) நடுங்கட்டும். எல்லா மூட்டும் ஒரே ஃபிரேமில் கிளம்பவேண்டாம். கணினி இலவசமாகத் தரும் நேர்த்தியைக் கெடுப்பதற்கே தனியாக உழைக்கவேண்டும். 1999-இல் வந்த 'தி அயர்ன் ஜயன்ட்' கையால் வரைந்த படம். பாத்திரங்களில் அந்த ராட்சத ரோபோ மட்டும் கணினியில் செய்தது. அதன் கோடுகள் மற்ற பாத்திரங்களோடு ஒட்டாமல் ரொம்பச் சுத்தமாக இருந்ததால், கையால் போட்டது போலக் கோட்டை லேசாக ஆட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் எழுதினார்கள்.

ஒலியைக் கடைசிக்குத் தள்ளுவது

வால்-ஈ நகரும் சத்தத்துக்கு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் கையால் சுழற்றும் பழைய ஜெனரேட்டர் ஒன்றைத் தேடி வாங்கிப் பதிவுசெய்தார். நமக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை, தெருவிலேயே கிடைக்கிறது. எங்கள் ரோபோவின் முதுகுக் கதவுக்கு எங்கள் தெரு மளிகைக் கடை ஷட்டரை இழுத்து மூடும் சத்தத்தை ராத்திரி பத்து மணிக்கு மொபைலில் பிடித்தோம். கதவை 14 ஃபிரேமில் மூடியிருந்தோம். ஷட்டரோ இரண்டு வினாடி கடகடத்து, கடைசியில் 'டணார்' என்று தரையில் இடித்தது. சத்தத்துக்கு ஏற்ப அசைவை 48 ஃபிரேமாக இழுத்தோம். அதுவரை தகரமாக இருந்த கதவு அன்றைக்குத்தான் இரும்பானது. ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக்கணக்கோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக் கட்டத்திலேயே இதைச் செய்திருந்தால் மற்ற கதவுகளும் பிழைத்திருக்கும்.

படத்தின் நீளம்

முதல் படமா? மூன்று நிமிடம். அந்த நான்கு பேரின் கதை 12 நிமிடம் ஓடுகிறது. குனியுமா என்று கேட்டதற்கே முகம் வாடிப்போனதால், இதை அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.