மீன்தொட்டியைத் தாங்கும் தட்டு: இரும்பைத் தவிர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடிக்கும் என்பதற்காகவும், கூடத்தில் வைத்தால் அழகாக இராது என்பதற்காகவும் பலர் மரம், பிளைவுட், பிளாஸ்டிக், கல் ஆகியவற்றை நாடுகின்றனர். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உப்புநீர் இரும்பை எவ்வளவு விரைவில் அரிக்கும் என்பது நன்றாகவே தெரியும். ஆகவே அந்த முடிவில் குறை காண எதுவுமில்லை. ஆனால் தட்டைத் தேர்ந்தெடுக்கும்போது "இது எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்பவர்கள், "எவ்வளவு காலம் வளையாமல் தாங்கும்?" என்று கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவதால் நேர்பவை.

முதலில் எடையையே பலர் குறைத்து மதிப்பிடுகின்றனர். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் உள்ள சிறிய தொட்டியே ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். கண்ணாடியும் அடியில் பரப்பும் கூழாங்கற்களும் சேர்ந்தால் எடை 80 கிலோவைத் தாண்டிவிடும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் நீர் மட்டுமே 182 கிலோ. நடுத்தர அளவுத் தொட்டி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது மூன்று பெரியவர்கள் தட்டின் மேல் இரவு பகலாக இறங்காமல் அமர்ந்திருப்பதற்குச் சமம்.

அந்த "இறங்காமல்" என்பதில்தான் பிளாஸ்டிக் ரேக்குகள் தோற்றுப்போகின்றன. ரேக்கின் அட்டைப்பெட்டியில் ஒரு தட்டுக்கு இத்தனை கிலோ என்று அச்சிட்டிருப்பது, சமதளத்தில் நிற்கும் தட்டின் மேல் எடை சீராகப் பரவியிருக்கும் நிலைக்கான அளவு. புத்தகங்களையோ துணிகளையோ வைக்கும் தட்டு சற்றே தொய்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. மீன்தொட்டியின் கண்ணாடி அப்படி வளைந்துகொடுக்காது. பிளாஸ்டிக்குக்கு மற்றொரு இயல்பும் உண்டு: முறியும் அளவுக்கு வெகு கீழான எடையாக இருந்தாலும், அது ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பொருள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், வெப்பமான அறையில் இன்னும் விரைவாக. முதல் வாரத்தில் நேராக நின்ற தட்டு ஆறாம் மாதத்தில் நடுவே குழிந்திருப்பதற்கு இதுவே காரணம். பி.வி.சி. குழாய்களை இணைத்துச் செய்யும் ஸ்டாண்டுகளும் இதற்கு விலக்கல்ல. என் கருத்தில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ரேக் மீன் உணவு, வலை, வாளி ஆகியவற்றை வைப்பதற்கே ஏற்றது.

மரத்துக்கு வந்தால், எல்லாப் பலகையும் ஒன்றே என்று எண்ணுவது அடுத்த தவறு. மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப். பலகையும் மேலே வழவழப்பான உறையோடு உறுதியாகத் தோன்றும். நீர் மாற்றும்போது சிந்தும் துளிகள் விளிம்பின் வழியாகவோ திருகுத் துளையின் வழியாகவோ உள்ளே நுழைந்துவிட்டால் பலகை உப்பிவிடும். உலர்ந்த பின்னும் பழைய வலிமை திரும்பாது, திருகுகளும் பிடியிழக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் செய்த அலமாரி இத்தகைய பலகையால் ஆனதாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், அதன் மேல் தொட்டியை வைக்குமுன் பின்புறத்தையும் உள்விளிம்பையும் பார்த்துவிட வேண்டும். நீர் புகாத பசையால் ஒட்டிய பிளைவுட்டும் நன்கு உலர்ந்த கெட்டி மரமும் நம்பத்தக்கவை. அவற்றுக்கும் பூச்சு வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில் மட்டும் பூசிவிட்டு, நீர் முதலில் நுழையும் வெட்டு விளிம்புகளை விட்டுவிட்டால் பூசியும் பயனில்லை.

தொய்வைத் தடுக்கத் தடித்த பலகை வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் கால்களுக்கு இடையேயுள்ள தூரத்தை மறந்துவிடுகின்றனர். பலகையின் தடிமனை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதே எடைக்குத் தாங்கும் இடைவெளியைப் பாதியாக்கினாலும் அதே பயன் கிடைக்கும். ஆகவே நீளமான தட்டுக்கு நடுவில் ஒரு கால் கொடுப்பதும், பலகையை நிமிர்த்திச் சட்டமாக அடியில் ஓடவிடுவதும் தடித்த பலகையைக் காட்டிலும் சிக்கனமான வழிகள். அந்தச் சட்டம் காலின் பக்கவாட்டில் திருகால் மட்டும் தொங்காமல், காலின் தலைமேல் அமர்ந்திருக்க வேண்டும். எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கி, அங்கிருந்து தரைக்குச் செல்ல வேண்டும். திருகின் வேலை அவற்றை நகராமல் பிடித்திருப்பது மட்டுமே. அந்தத் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இல்லாவிட்டால், இரும்பைத் தவிர்த்ததாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

நேர்கீழாக அழுத்தும் எடையைத் தாங்கும் ஸ்டாண்ட், பக்கவாட்டில் தள்ளினால் ஆடக்கூடும். நான்கு கால்களும் மேற்பலகையும் மட்டுமே உள்ள மேசை வடிவம் இதில் மிகவும் பலவீனமானது. பின்புறம் முழுவதும் ஒரு பிளைவுட் பலகையை அறைந்தாலோ குறுக்குச் சட்டம் கொடுத்தாலோ ஆட்டம் நின்றுவிடும்.

கிரானைட் போன்ற கற்பலகைகள் அழுத்தத்தைத் தாங்குமே தவிர வளைவைத் தாங்கா. இரு முனைகளில் மட்டும் ஏந்தி நிற்கும் நீளமான கல் எச்சரிக்கையின்றி முறியும். கான்கிரீட் பிளாக்குகளை அடுக்கி மேலே பலகை போடுவது தாழ்வான ஸ்டாண்டுக்கு நல்ல ஏற்பாடு, ஆனால் உள்ளீடற்ற பிளாக்கின் துளைகள் மேல்கீழாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் படுத்திருக்கக் கூடாது. கண்ணாடித் தட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தெர்மோகோலோ நுரை விரிப்போ போட்டால் எல்லாக் குறையும் தீரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. அடிக்கண்ணாடி நேரடியாகத் தட்டில் அமரும் தொட்டிக்கு விரிப்பு தேவைதான். அது மணல் துகளையும் சிறு மேடுபள்ளத்தையும் மட்டுமே சமன்செய்யும், முறுக்கிக்கொண்ட தட்டை நேராக்காது. சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் பொருத்தி, அடிக்கண்ணாடி தட்டைத் தொடாமல் உயர்ந்து நிற்கும் தொட்டிகளுக்கு விரிப்பே கூடாது. விரிப்பு கண்ணாடியை மேல்நோக்கி அழுத்திவிடக்கூடும்.

நிரப்பும் நாளன்று அவசரப்பட்டு முழுவதும் நிரப்பிவிடாமல், கால்பங்கு நீர் விட்டு ஒரு நாள் காத்திருப்பது நல்லது. நீரே சிறந்த ரசமட்டம்: நான்கு மூலைகளிலும் தொட்டியின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தூரத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, நிரம்பிய பின் முதல் சில மாதங்களுக்கு அவ்வப்போது ஒப்பிட வேண்டும். தட்டின் நடு குழிவதை நீர்மட்டம் காட்டாது என்பதால், தட்டின் அடியில் நேரான ஒரு சட்டத்தை ஒட்டிவைத்து அதையும் பார்க்க வேண்டும். வேறுபாடு கூடிக்கொண்டே போனால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரை வடித்துவிட்டுத் தட்டைச் சரிசெய்வதே வழி. நீர் நிறைந்திருக்கும்போதே ஒரு மூலையை நெம்பித் தூக்கி அட்டைத் துண்டைச் செருகினால், எடை முழுவதும் எஞ்சிய மூலைகளில் முறுக்கி இறங்கி, அதுவரை தாங்கிய கண்ணாடியும் விரிசல் விடக்கூடும்.