கல்யாணப் பத்திரிகையில் ஸ்கிரிப்ட் ஃபான்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் மட்டும் வளைந்து நெளிந்து வரவேண்டும் என்று கேட்காத வீடு குறைவு. அதற்குத்தான் கையெழுத்துப் போலத் தெரியும் ஸ்கிரிப்ட் ஃபான்ட். மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஸாப்ஃபினோ என்ற ஃபான்ட்டைப் போடுவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் எட்வர்டியன் ஸ்கிரிப்ட். இரண்டும் அழகுதான். கெடுப்பது நாம்தான்.

முதல் தவறு, பெயர் முழுவதையும் கேப்பிட்டலில் அடிப்பது. மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். ஸ்கிரிப்ட் ஃபான்ட்டின் கேப்பிட்டல், சொல்லின் வாசலில் ஒற்றையாக நிற்க வரைந்தது. சுழியும் கொடியும் அதற்காகத்தான். ஏழெட்டு அடுத்தடுத்து நின்றால் ஒன்றின் வால் இன்னொன்றின் கழுத்தில் விழும். அப்படி வந்த ப்ரூஃபில் மாப்பிள்ளையின் அப்பாவே மகன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். நம் இனிஷியலிலும் இதே தொல்லை உண்டு: இனிஷியலும் பெயரின் முதலெழுத்தும் அருகருகே முட்டும். இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் தள்ளினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது, வரி நிரம்பவில்லை என்று எழுத்து இடைவெளியை இழுப்பது. எட்வர்டியனில் ஓர் எழுத்தின் கடைசிக் கோடு அடுத்ததன் தொடக்கத்தைத் தொடும். இழுத்தால் அந்த இணைப்பு அறுந்து, பெயர் துண்டு துண்டாக நிற்கும். அளவைக் கூட்டுங்கள், போதும். போல்டும் வேண்டாம். தனி போல்டு வடிவம் இல்லாத ஃபான்ட்டில் மென்பொருள் எல்லாக் கோட்டையும் சேர்த்துத் தடிக்கவைக்கும்; மெலிவும் தடிப்பும் மாறி மாறி வரும் பேனா நடை போய்விடும்.

ஸாப்ஃபினோவுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மானியரான ஹெர்மன் ஸாப்ஃப் 1944இல் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்த கையெழுத்திலிருந்து பிறந்தது அது. அந்த நீண்ட வால்கள் ஈய அச்சின் கட்டைக்குள் அடங்காதவை; கணினி வந்த பிறகு, 1998இல்தான் ஃபான்ட்டாக வெளியானது. அதை நெருக்கமான இரண்டு வரிகளுக்குள் திணித்தால் மேல்வரியின் வால் கீழ்வரியைக் கீறத்தான் செய்யும். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களும் இதில் உண்டு. கிடைக்கிறதே என்று எல்லா இடத்திலும் பெரிய சுழியையே எடுக்காதீர்கள். பெயருக்கு ஒன்று போதும்.

முகூர்த்த நேரம், மண்டப முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் சாதாரண ஃபான்ட்டில் இருக்கட்டும். தங்க நிறத் தாளை எழுத்தாகப் பதிக்கும் கோல்டு ஃபாயில் என்றால் மெல்லிய கோடுகள் பிடிக்காமல் விட்டுப்போகும். மாதிரி ஒன்று அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய ஃபான்ட்டான பாமினியில் அடித்த தமிழ் வரியும் சேர்ந்து செலக்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் ஸ்கிரிப்ட் ஃபான்ட்டைப் போட்டால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று அலங்காரமாக வந்து நிற்கும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது கர்வ் ஆக்கி, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, அனுப்புங்கள். அங்கே அந்த ஃபான்ட் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் திருத்தக்கூடிய பிரதியை அழித்துவிடாதீர்கள். பெரிய மாமா பெயர் விட்டுப்போச்சு என்று ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வரும்.