தசராவுக்கு ஒரிஜினல் ஆப்டா இலைய கண்டுபிடிக்கிறது எப்படி (கூடவே இன்னும் நாலஞ்சு மராத்தி மரம்)

புனே, மும்பை பக்கம் புதுசா குடி வந்தவங்களுக்காக இத எழுதறேன். தசரா அன்னிக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டு காக்கூ (மராத்தில ஆன்ட்டி மாதிரி) வந்து உங்க கைல ஒரு இலைய வச்சு "சோன க்யா, சோன்யாசாரக ராஹா"ம்பாங்க, தங்கம் வாங்கிக்கோ, தங்கமாட்டம் இருன்னு அர்த்தம். முழிக்காம நீங்களும் ஒரு இலை குடுங்க, வயசுல பெரியவங்கன்னா கால தொட்டு கும்பிட்டுக்கணும். அந்த இலை பேரு ஆப்டா. வேற ஒண்ணும் இல்லீங்க, நம்ம ஆத்தி தான், சோழ ராஜாக்கள் மாலையா போட்டுக்கிட்ட அதே ஆத்தி.

ஏன் தங்கம்னா, கௌத்ஸன்னு ஒரு சிஷ்யன் குருவுக்கு 14 கோடி பொற்காசு தட்சணை தரணும்னு ரகு ராஜாகிட்ட போய் நிக்கிறான், ராஜா கஜானாவே காலி, எல்லாத்தையும் தானம் பண்ணிட்டாரு, சரின்னு குபேரன் மேலயே படையெடுக்க கிளம்ப, குபேரன் மிரண்டு போய் ஆப்டா மரத்து மேல பொன்மழையா கொட்டிட்டான்னு இங்க சொல்ற கதை.

இப்ப மேட்டருக்கு வரேன். மார்க்கெட்ல ஆப்டான்னு சொல்லி காஞ்சன் இலைய, அதாவது மந்தாரைய, தலைல கட்டிடுவாங்க. மொத வருஷம் நான் ஒரு பெரிய கட்டே வாங்கிட்டு போய் காக்கூ சிரிச்ச சிரிப்பு இன்னும் மறக்கல. ரெண்டுமே ஒட்டகக் குளம்பு மாதிரி நடுவுல பிளந்த இலை, அதான் குழப்பம். ஆப்டா சின்னது, நீளத்த விட அகலம் ஜாஸ்தி, விரல்ல தேச்சா தடிப்பா சொரசொரன்னு இருக்கும். மந்தாரை உள்ளங்கை அளவு, கொஞ்சம் நீளவாக்குல, வழவழன்னு. மரமா பாத்தீங்கன்னா ஆப்டா கோணல் மாணலா, கிளை தொங்கிட்டு நிக்கும், பூ பொடிசா வெளுத்த மஞ்சள்ல. ரோஸ் கலர்ல பெரிய பூ பூத்தா அது மந்தாரை, சந்தேகமே வேணாம். இன்னொண்ணு, கிளைய ஒடிக்காதீங்க, ஆளுக்கு ஒரு இலை போதும்.

அடுத்தது வட், நம்ம ஆலமரம். ஜேஷ்ட மாச பௌர்ணமில வட பௌர்ணிமா, கல்யாணம் ஆன பொண்ணுங்க நூல் சுத்திக்கிட்டே மரத்த வலம் வருவாங்க. சாவித்திரி கதை தான், நம்ம காரடையான் நோன்பு கதையே. கிளைய வெட்டி வீட்டுக்கு கொண்டு வந்து பூஜை பண்றத மட்டும் என்னால சகிச்சுக்க முடியல, மரத்துகிட்ட நடந்து போக என்னவாம்?

குடி பாட்வாவுக்கு, அதாவது மராத்தி வருஷப்பிறப்புக்கு, வேப்பிலை வேணும்னா "கடுலிம்ப"ன்னு முழுசா கேளுங்க. நான் இழுத்து "லிம்பூ"ன்னு கேட்டு அரை டஜன் எலுமிச்சம்பழத்தோட வீடு வந்தவன். கடிபத்தான்னா கறிவேப்பிலை, அதையும் போட்டு குழப்பிக்காதீங்க. வேப்பங்கொழுந்த வெல்லத்தோட சேத்து சாப்பிடுவாங்க, கூடவே குடி, அதாவது அன்னிக்கு வீட்டுக்கு வெளில ஏத்தி வைக்கிற கம்பு, அதோட உச்சில ஒரு கொத்து கட்டுவாங்க.

பளஸ்னா புரசு. நம்ம புரசைவாக்கத்து புரசு தாங்க. வெயில் ஏற ஆரம்பிக்கறப்ப இலையெல்லாம் கொட்டி மரமே நெருப்பு புடிச்ச மாதிரி பூக்கும். பூவ தண்ணில போட்டு கொதிக்க விட்டா ஆரஞ்சு சாயம் இறங்கும், கலர் பூசி விளையாடற ரங்கபஞ்சமிக்கு அது போதும், கெமிக்கல் பொடி வாங்க வேணாம். "பளஸாலா பான தீனச்"னு பழமொழி, எங்க போனாலும் பளஸுக்கு மூணு இலை தான், அதாவது எல்லா ஊர்லயும் நிலவரம் ஒண்ணு தான்னு.

உம்பர்னா அத்தி, தத்தாத்ரேயர் மரம், அடிமரத்துலயே காய் கொத்து கொத்தா ஒட்டிட்டு இருக்கும், பாத்த உடனே தெரிஞ்சிடும். ரொம்ப நாள் கழிச்சு யார் வீட்டுக்காவது போனீங்கன்னா "உம்பராச்ச ஃபூல்" வந்திருச்சேன்னு கிண்டல் பண்ணுவாங்க. கோச்சுக்காதீங்க, நாம அத்தி பூத்த மாதிரின்னு சொல்றோம்ல, அதே தான்.