தியான இல்லத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் அமைதியாக இருந்து வர இடத்துக்குக் குறைவில்லை. 1939 இல் தொடங்கிய மருதனார்மடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமம், சைவ ஞானி யோகர் சுவாமிகளின் அடியவர்கள் மௌனம் காக்கும் சிவதொண்டன் நிலையம், கத்தோலிக்கத் துறவற சபைகளின் தியான இல்லங்கள் என்று பல உண்டு. இருந்தும் போனவர்கள் களைத்துப்போய்த் திரும்புவதைத்தான் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் அது இடத்தின் குற்றமல்ல, நிகழ்ச்சி நிரலின் குற்றம்.

இளைஞர் குழுக்கள் கொண்டுவரும் தாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: 5.30க்கு யோகா, 6.30க்கு வழிபாடு, 9 மணியிலிருந்து மதியம் வரை மூன்று உரைகள், பின்னேரம் குழுக் கலந்துரையாடல், இரவு கலை நிகழ்ச்சி. ‘தனிச் சிந்தனை’க்கு அரை மணித்தியாலம், அதுவும் மதியச் சோறு உண்டு நித்திரை தூங்கும் நேரத்தில். இதைப் பாடசாலை மண்டபத்திலேயே வைத்திருக்கலாமே, எதற்கு வான் பிடித்து வரவேண்டும்? நாளுக்கு இரண்டு உரை போதும். இடையில் வேப்பமரத்தடியில் சும்மா இருக்க விடுங்கள். முதல் நாள் பொடியள் அலுத்துக்கொள்வார்கள். அலுக்கட்டும், அவசரப்பட்டு விளையாட்டு வைத்து அதை நிரப்பாதீர்கள். வந்தது வந்தோம், நயினாதீவையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினால், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

அடுத்தது திகதி. அறை இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள், பக்கத்துக் கோயிலில் எப்போது கொடியேறுகிறது என்று விசாரிப்பதில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் எந்த வளவில் நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு கோயில் இருக்கும். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி ஓயாது; மார்கழியில் திருவெம்பாவை பத்து நாளும் விடியுமுன்பே பாட்டுத் தொடங்கிவிடும். அது ஊரவர்களின் வழிபாடு. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போகாதீர்கள், உங்கள் திகதியை மாற்றுங்கள். திருவிழா இல்லாத நாளிலும் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் காலையில் ஓடத்தான் செய்யும். அது கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் பெரிய குழுவைக் கூட்டி வராதீர்கள். வெளியில் கால் வைக்க முடியாது, உள்ளே நாற்பது பேரின் ஈரத் துணி, அதற்கு மேல் நுளம்பு.

வந்து இறங்கியதும் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைப்பது இன்னொரு தவறு. கனடாவிலிருந்து மகன் எடுப்பான் என்று காத்திருக்கும் தாய்க்கு அன்று முழுக்க மனம் ஒரு நிலையில் நிற்காது. விதியை வருவதற்கு முந்திய வாரமே சொல்லுங்கள். அவசரத்துக்கு இல்லத்தின் இலக்கத்தை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பின்னேரம் ஒரு தடவை பேச நேரம் ஒதுக்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

தனியாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஒரு கிழமை மௌனத்துக்குப் பதிவு செய்ய வேண்டாம். போரில் ஆளை இழந்தவர்கள், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. வேலையும் இரைச்சலும் மூடி வைத்திருந்தது, சத்தம் அடங்கியதும் மேலே வரும். நித்திரை கெட்டு நெஞ்சு படபடத்தால் ‘மௌனத்தைக் கலைக்கக் கூடாது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். பொறுப்பாளரை எழுப்பிப் பேசுங்கள். முதல் தடவைக்கு ஓர் இரவே போதும். ஏற்கெனவே மருத்துவரிடம் மருந்து எடுப்பவர் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை. யார் சைவம், யார் விரதம் என்று குசினிக்கு முன்கூட்டியே சொன்னால் சரி. முப்பது பேர் என்று சொல்லிவிட்டு ஐம்பது பேருடன் வந்து இறங்காமல் இருந்தாலே சமைப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

அப்புறம் காசு. சில இடங்களில் கட்டணம் சொல்ல மாட்டார்கள், விரும்பியதைக் கொடுங்கள் என்பார்கள். அதை இலவசம் என்று எடுத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அரிசிக்கும் கரண்டுக்கும் துப்புரவுக்கும் எவ்வளவு போகும் என்று நேரே கேட்டு, அதற்குக் குறையாமல் புறப்படுமுன் கொடுத்துவிடுங்கள்.