பிட்காயின் வாலட்டில் முதன்முதலாகப் பணம் ஏற்றுவது எப்படி?

வாலட் ஆப்பை இறக்கியாயிற்று, திறந்தால் பூஜ்யம் காட்டுகிறது, இனி இதில் எப்படிப் பணம் போடுவது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஜிபேயில் அனுப்புவது போல ரூபாயை நேராக இதற்குள் போட முடியாது. முதலில் ஓர் எக்ஸ்சேஞ்சில், அதாவது பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளத்தில், ரூபாய் கொடுத்து பிட்காயின் வாங்க வேண்டும், அப்புறம் அதை அங்கிருந்து உங்கள் வாலட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் இருந்து செய்பவர்களுக்காக, நான் பயன்படுத்தும் புளூவாலட் ஆப்பை வைத்துச் சொல்கிறேன். வேறு வாலட் என்றாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

பணத்துக்கு முன்னால் 12 சொற்கள்

ஆப்பில் புதிய பிட்காயின் வாலட்டை உருவாக்கியதும் 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். பேனா எடுத்து, வரிசை மாறாமல், ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும் வேண்டாம். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பணத்தை எடுத்துவிடலாம், அவை தொலைந்து, உங்கள் போனும் பழுதானால் புகார் கொடுக்க மேனேஜரும் கிடையாது, கிளையும் கிடையாது. என் அத்தை மகன் ஸ்க்ரீன்ஷாட்டை அதே போனில்தான் வைத்திருந்தான். போன் கிணற்றில் விழுந்தது. ஒரு வருடச் சேமிப்பு அதோடு போயிற்று, இன்றைக்கு நினைத்தாலும் மனது கனக்கிறது.

எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுப்பது

2023 மார்ச்சில் கிரிப்டோ நிறுவனங்களைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு இந்தியாவில் இயங்கும் எக்ஸ்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த ஒன்றையே எடுங்கள். பான் கார்டு, ஆதார், ஒரு செல்ஃபி கேட்பார்கள், கொடுத்து முடியுங்கள்.

ரூபாய் போடும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாங்கிய பிட்காயினை வெளி வாலட்டுக்கு அனுப்ப அந்த எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கிறதா? எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்கும் என்று நினைக்காதீர்கள், சில ஆப்களில் வாங்கலாம், விற்கலாம், வெளியே எடுக்க மட்டும் முடியாது. எடுக்கும் கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றினால் 2024 ஜூலையை நினைத்துக்கொள்ளுங்கள். வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது, வைத்திருந்தவர்கள் எடுக்க வழியில்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வாங்குவது

உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருந்து மட்டும் பணம் போடுங்கள். டெலிகிராமில் யாரோ ஒருவர் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் போகாதீர்கள், அவர் பக்கத்துப் பணம் மோசடிப் பணமாக இருந்தால் விசாரணையில் உங்கள் கணக்கும் முடங்கலாம். முழு பிட்காயின் வாங்க வேண்டியதில்லை. ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி, உங்களால் முடிந்த துளியை வாங்கினால் போதும்.

அனுப்புவது

இங்கேதான் நிதானம் வேண்டும். வாலட்டில் ரிசீவ் பொத்தானை அழுத்தினால் ஒரு நீளமான முகவரியும் க்யூஆர் கோடும் வரும். முகவரி பெரும்பாலும் பிசி1 என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அதை நகலெடுத்து எக்ஸ்சேஞ்சின் வித்ட்ரா பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு தொடக்கத்தில் ஆறு எழுத்து, நடுவில் கொஞ்சம், கடைசியில் ஆறு எழுத்து என்று ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் நகலெடுத்த முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்மையிலேயே இருக்கின்றன. நெட்வொர்க் எது என்று கேட்டால் பிட்காயின் என்பதையே தேர்ந்தெடுங்கள், கட்டணம் குறைவு என்று வேறொன்றைத் தொட்டால் பணம் இந்த வாலட்டுக்கு வராது. இதில் திரும்பப் பெறும் வழி என்று ஒன்று இல்லை.

முதல் தடவை, எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் மிகச் சிறிய தொகையை மட்டும் அனுப்புங்கள். மீதியைப் பின்னால் அனுப்புவதால் கட்டணம் இரண்டு முறை போகும், போகட்டும்.

ஓடிபி கொடுத்ததும் உடனே வராது. எக்ஸ்சேஞ்ச் அதை வெளியே விடவே நேரம் எடுக்கலாம், விட்ட பிறகும் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) என்ற கணக்கில்தான் உறுதியாகும். பரிவர்த்தனை எண்ணை எடுத்து மெம்பூல் டாட் ஸ்பேஸ் தளத்தில் போட்டால் எங்கே நிற்கிறது என்று தெரியும். வந்து சேர்ந்ததும் ரிசீவ் பக்கத்தில் வேறு முகவரி காட்டும், பதற வேண்டாம், பழைய முகவரியும் உங்களுடையதுதான்.

அழித்துப் பார்ப்பது

இதை யாரும் செய்வதில்லை, நீங்கள் அவசியம் செய்யுங்கள். சின்னத் தொகை வந்து உறுதியானதும், அந்த வாலட்டை ஆப்பில் இருந்து அழித்துவிடுங்கள். பிறகு இம்போர்ட் என்பதற்குள் போய், தாளில் எழுதிய 12 சொற்களைப் பார்த்துத் தட்டுங்கள். தொகை திரும்பித் தெரிந்தால் உங்கள் தாள் சரி. தெரியாவிட்டால் எங்கோ பிழையாக எழுதியிருக்கிறீர்கள், போவது அந்தச் சின்னத் தொகையோடு நிற்கும், புதிய வாலட்டில் மறுபடி தொடங்கலாம். இது தேறிய பிறகே மீதிப் பணத்தை அனுப்புங்கள். என் அத்தை மகனுக்கு அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

வாலட் சப்போர்ட்டில் இருந்து பேசுகிறோம் என்று யார் அழைத்து அந்தச் சொற்களைக் கேட்டாலும் திருடர்தான். எக்ஸ்சேஞ்ச் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

வரி விஷயம்: வாங்குவதற்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றுவதற்கும் வருமான வரி இல்லை. விற்றால் லாபத்தில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், இது 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லையென்றால் அப்போது திண்டாட வேண்டியிருக்கும், அதனால் வாங்கிய அன்றே எக்ஸ்சேஞ்சில் இருந்து ஸ்டேட்மென்ட்டை இறக்கி மெயிலில் போட்டுவையுங்கள்.